சீல் உடைக்காத மோதிரம்

சாடெக்கில் பூச்செடி வளர்த்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கும் என் மூத்த அக்காவுக்கு, சைகோனிலிருந்து தம்பி லொக் இரு கை கூப்பி எழுதுவது. நீயும் அத்தானும், அத்தானின் சண்டைச் சேவல்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வீட்டுப் பீடத்தில் ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் பேனா மூடியைக் கழற்றினேன். இங்கே நான் நலம். என் முழங்கால் நலமில்லை. புத்தாண்டுக்கு நீ அனுப்பிய சாமந்திச் செடிகளில் ஒன்று கருகிவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை. எதிர்வீட்டுக்காரன் ஏசி மிஷினின் முதுகை என் வாசலைப் பார்த்து மாட்டியிருக்கிறான்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீதான் பேசுவாய், அக்கா. நான் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன், நீ வைத்துவிடுவாய், விஷயம் என் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. ஆகவே முழுவதையும் வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு திட்டு. என் பிள்ளை வின்னின் நிச்சயதார்த்தம் இந்த மாதக் கடைசியில் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அது நடக்குமா நடக்காதா என்பது இப்போது இரண்டு மோதிரங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தீர்ப்புச் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். புத்தாண்டுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வின்னும் அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண் லியெனும் என்னை ஒரு பெரிய மாலுக்கு அழைத்துப்போனார்கள். லியென் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை அறை நர்ஸ், நல்ல பிள்ளை, வாய் கொஞ்சம், கண் அதிகம். கல்யாண மோதிரத்துக்கென்றே அங்கே ஒரு கடை. உள்ளே நுழைந்ததும் ஜில்லென்று குளிர், தேநீர் கொடுத்தார்கள், கிண்ணம் கட்டைவிரல் அளவுதான் இருந்தது, குடித்தேனா நக்கினேனா என்றே தெரியவில்லை. மோதிரத்துக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள் அக்கா. ஒன்று "தீராத நதி". ஒன்று "உன் பெயர் சொல்லும் மழை". கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண் எங்கள் எதிரில் உட்கார்ந்து, "உங்க காதல் கதையைச் சொல்லுங்க, அதுக்கு ஏத்த மாதிரி டிசைன் எடுத்துக் காட்டுறேன்" என்றாள். தங்கம் விற்கிறவளுக்கு இந்தக் கதை எதற்கு என்று நான் கேட்பதற்குள் வின் ஆரம்பித்துவிட்டான்.

"இவங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க. நான் லிஃப்ட் மெக்கானிக். போய்க் கதவைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானாம்!" என்றாள் லியென். "கதவு எப்பவோ சரியாயிடுச்சு. இவர்தான் திறக்காம வெளியே நின்னு பேசிட்டே இருந்தார்."

கடைப் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எவ்வளவு அழகா இருக்கு! அப்போ உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. லிஃப்ட் கதவு மாதிரி நடுவுல ரெண்டாப் பிரியிற டிசைன்."

"கல்யாண மோதிரத்துல எதுக்கும்மா பிரியிற டிசைன்? உங்க கடையில சேர்ற டிசைனே கிடையாதா?" என்று கேட்டேன். கேட்டது தப்பா? அவள் சிரித்து மழுப்பினாள். அது என்ன தங்கம் என்று அடுத்து கேட்டேன். பதினெட்டு காரட்டாம், உறுதியாக இருக்குமாம். "அப்போ முக்கால் தங்கம், கால் செம்பு. கல்யாணமும் முக்கால்வாசிதான் நடக்குமா?" என்றேன். வின்னுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லியென் மட்டும் வாயைக் கையால் மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அந்த நிமிஷமே அவளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

மோதிரம் எடுப்பது மாப்பிள்ளை வீட்டு வேலை. வின்னின் அம்மா சுவான் இருந்திருந்தால் அவள் கடைகடையாக ஏறி இறங்கி, எல்லாக் கடைக்காரனையும் நொந்துபோகவைத்து, கடைசியில் முதல் கடையிலேயே வாங்கியிருப்பாள். அவள் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது, இரண்டு பேர் வேலையையும் நான் ஒருவன்தான் பார்க்க வேண்டும். ஆகவே மோதிரத்தை என் பொறுப்பில் விடுங்கள் என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். வின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "மாமா ஆசைப்படுறாரு, விடுங்க" என்றாள் லியென். சுவானின் தையல் டப்பாவிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்து, லியெனின் விரலைச் சுற்றி முடிச்சுப் போட்டு அளவு எடுத்துக்கொண்டேன். வின்னின் அளவை எடுக்கவில்லை. அவனை நான்தானே வளர்த்தேன், அவன் விரல் எனக்குத் தெரியாதா என்று நினைத்துவிட்டேன்.

நல்ல நாள் பார்த்துத்தான் போனேன், அக்கா. புத்தாண்டு முடிந்து பத்தாம் நாள், செல்வச் சாமியின் நாள். அன்றைக்கு ஒரு துளித் தங்கம் வாங்கினால் வருஷம் முழுக்க வீட்டில் தங்கும் என்று நீயே எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய்! அப்படிப்பட்ட நாளில் கல்யாண மோதிரம் வாங்கினால் எவ்வளவு விசேஷம் என்று எனக்குத் தோன்றியது. இதே யோசனை, கல்யாணம் நீங்கலாக, சைகோன் முழுவதுக்கும் தோன்றியிருந்தது. விடிவதற்கு முன்னால் சோலோன் நகைத் தெருவுக்குப் போய் நின்றால், வரிசை தெருவைத் தாண்டி, திருப்பத்தைத் தாண்டி, ஒரு பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி. தெரு ஓரத்தில் விரால் மீனைக் குச்சியில் குத்தி முழுசாகச் சுட்டுச் சாமிக்குப் படைக்க விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை முழுவதும் என் சட்டையில் குடியேறிவிட்டது. அந்தச் சட்டை கல்யாணத்துக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டை. நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

எனக்கு முன்னால் சந்தையில் இறால் விற்கிற ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். என் முழங்காலைப் பார்த்து இரக்கப்பட்டு முக்காலியில் பாதியைக் கொடுத்தாள். பாதி முக்காலியில் உட்காருவது எப்படி என்பதை உனக்கு எழுத்தில் விளக்க முடியாது. என் விரலில் சுற்றியிருந்த சிவப்பு நூலைப் பார்த்து, "என்னண்ணே, மறதிக்கா?" என்று கேட்டாள்.

"மருமக விரல் அளவு. கல்யாண மோதிரம் வாங்க வந்திருக்கேன்."

அவள் சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது. "கல்யாண மோதிரம் வாங்க இன்னிக்கா வந்தீங்க? இன்னிக்கு விக்கிறதெல்லாம் அட்டையில சீல் வச்சு, முடிஞ்சு வைக்கிற மோதிரம்ண்ணே. எல்லாம் ஒரே அளவு. உங்க மருமகதான் அதுக்கேத்த மாதிரி விரலை வளத்துக்கணும். நான் வருஷத்துக்கு ஒண்ணு வாங்கறேன், இதுவரைக்கும் ஒண்ணையும் போட்டுப் பாத்ததில்ல."

"ஏன்?"

"இறால் உரிக்கிற கையில தங்கம் எதுக்கு? சும்மா இருங்க, நகருங்க, வரிசை நகருது."

அந்த நேரத்தில்தான் டிவிக்காரர்கள் வந்தார்கள். மைக் பிடித்த ஒரு பையன், கேமரா தூக்கிய இன்னொருவன். வரிசையில் அத்தனை பேர் இருக்க, வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் நேரே என்னிடம் வந்தான். நான் தலையைக் கையால் வாரிக்கொண்டேன். நமக்கும் நாலு வார்த்தை பேசத் தெரியும் என்று காட்ட வேண்டாமா? இன்றைக்கு ஏன் தங்கம் வாங்குகிறீர்கள் என்று கேட்டான். என் மகன் கல்யாணத்துக்கு என்றேன். ஏன் இந்தச் சீல் வைத்த மோதிரம், போட்டுக்கொள்கிற மாதிரி டிசைன் மோதிரம் வாங்கவில்லையா என்று கேட்டான். அதற்கு நான் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "தம்பி, டிசைன் மோதிரத்தை நாளைக்கு விக்கப் போனா பாதியாக் கொடுப்பான். இது சீல் உடையாம இருந்தா, எப்போ வித்தாலும் ஒரு காசு குறையாது" என்றேன். இறால்கார அம்மா கையைத் தட்டினாள். டிவிப் பையன் நன்றி சொன்னான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அதில் முக்காலியிலிருந்து விழுந்தேன். அதை அவர்கள் காட்டவில்லை, அந்த மட்டும் நல்லவர்கள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது என் முறை வந்தது. கல்லாவில் இருந்த பெண்ணிடம் நூலை நீட்டினேன். "இன்னிக்கு அளவெல்லாம் கிடையாது பெரியப்பா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க, எத்தனை வேணும்?" என்றாள். இரண்டு என்றேன். மாத்திரை அட்டையில் மாத்திரை இருக்கிற மாதிரி, கெட்டிப் பிளாஸ்டிக் அட்டைக்குள் ஒரு மோதிரம். அப்படி இரண்டு அட்டை. நாலு ஒன்பது போட்ட சுத்தத் தங்கம், உள்ளே இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. "சீலைப் பிரிக்காதீங்க பெரியப்பா, பிரிச்சா திருப்பிக் கொடுக்கறப்போ விலை குறைஞ்சிடும்" என்று அந்தப் பெண் தன் வாயால் சொன்னாள். யாரிடம் சொன்னாள் பார்! வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் சந்துசந்தாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுத்தவனிடம். சீல் இருக்கிறதா, கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டவன் நான். சீல் உடைந்த மீட்டரைக் கண்டால் இன்றைக்கும் என் கை நோட்டுப் புத்தகத்தைத் தேடும்.

அன்று மாலை வின்னும் லியெனும் வந்தார்கள். அட்டைகளைப் பீடத்தில் சுவானின் படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். லியென் எடுத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், அட்டையின் மேலேயே விரலை வைத்து அளந்து பார்த்தாள்.

"கொஞ்சம் பெரிசோ, மாமா? வெளியே எடுத்துப் போட்டுப் பாத்தாத்தானே தெரியும்?"

"வெளியே எடுக்கக் கூடாதும்மா. எடுத்தா சீல் போயிடும்."

"அப்போ எப்படிப் போட்டுக்கிறது?" என்றான் வின்.

இதற்கு நான் அருமையான பதில் வைத்திருந்தேன். "நீ எங்கே போடப் போறே? லிஃப்ட் கம்பியில கை வைக்கிறவன் மோதிரம் போடக் கூடாதுன்னு உங்க கம்பெனியிலயே சட்டம். இவளும் ஆபரேஷன் அறைக்குள்ள மோதிரம் போட முடியாது. ரெண்டு பேரும் போடாத மோதிரத்தை எதுக்குப் பிரிக்கணும்?" என்று கேட்டேன். கணக்குச் சரிதானே, அக்கா? அவர்கள் நொய்ச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

லியெனின் அப்பா கியெம் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கடையில் சுவரில் ஒரு டிவி உண்டு என்பது உனக்குத் தெரியாது, எனக்கும் நினைவில்லை. ஆள் நிறைந்த நேரத்தில் செய்தி ஓடியிருக்கிறது. என் முகம் பெரிசாக வந்திருக்கிறது. கரண்டியும் கையுமாக அவர் நிமிர்ந்து பார்த்து, "எங்க சம்பந்தி, எங்க சம்பந்தி" என்று சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டியிருக்கிறார். அடுத்த நொடியில் நான், எப்போது விற்றாலும் ஒரு காசு குறையாது என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் அவரும் சம்பந்தியம்மாவும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். மரியாதைக்காரர்கள், ஒரு பை கமலாப்பழம் கொண்டுவந்தார்கள். ஆனால் பையை மேஜையில் வைத்த சத்தத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் தேநீர் ஊற்றினேன். அவர் குடிக்கவில்லை.

"அண்ணே, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். நான் பொண்ணைக் கொடுக்கிற நாளை எண்ணிட்டு இருக்கேன். நீங்க மோதிரத்தை விக்கிற நாளை எண்ணிட்டு இருக்கீங்க."

"சம்பந்தி, அது நாலு ஒன்பது தங்கம்..."

"ஒன்பது எத்தனை வேணா இருக்கட்டும். கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே இது ஒருநாள் விக்கத்தான்னு ஊரு பூரா டிவியில சொன்னீங்களே! கடையில சாப்பிட்டவங்க என்னைப் பாக்கிறாங்க. கையில கரண்டி, நான் எங்கே போயி ஒளிய?"

சம்பந்தியம்மா அதுவரைக்கும் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையைக் காட்டி, "நிச்சயத்தன்னிக்கு என்ன செய்வீங்க? இந்த அட்டையை அவ விரல்ல கட்டிவிடுவீங்களா? இல்ல, நடுவுல ஓட்டை போட்டு விரலை உள்ளே விடுவாளா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது. கியெம் எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அன்னிக்கு மோதிரம் எம் பொண்ணு விரல்ல இருக்கணும். அட்டைக்குள்ள இருந்தா, நீங்க அந்தச் சிவப்புத் தாம்பாளங்களைத் தூக்கிட்டு எங்க வாசல் ஏற வேண்டாம்" என்றார். கோபத்தில் வலது செருப்பை இடது காலில் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்து மாற்றிக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. அப்படியே பைக்கை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

அன்றைக்கு வேலையிலிருந்து வந்த வின்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டே, "அம்மா மோதிரம் போட்டு நான் பார்த்ததே இல்லப்பா" என்று மட்டும் சொன்னான். "பாத்தியா, எவ்வளவு பத்திரமா வச்சிருந்தா!" என்று நான் சொன்னேன். அவன் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அப்போதிலிருந்து இந்த ஒரு வாரமாக என்னோடு "சாப்பிட்டீங்களா", "கதவைச் சாத்துங்க" என்பதோடு சரி.

அக்கா, இனிமேல் எழுதுவது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதினால்தான் நான் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேன் என்பது உனக்குப் புரியும். என் மோதிரம் கல்யாணமான அடுத்த வருஷமே விலைக்குப் போனது, திரும்பவில்லை. அதற்காக நான் வருந்தியதும் இல்லை. சுவானின் மோதிரம்தான் எங்கள் வீட்டில் உழைத்த மூன்றாவது ஆள். வின்னுக்குக் காய்ச்சல் கண்டபோது போனது, அறுவடைக்குப் பிறகு நீ கொடுத்ததை வைத்து இன்னொன்று வாங்கினோம். கூரை ஒழுகியபோது போனது, மறுபடி வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போனது, வந்தது. வந்தபோதெல்லாம் அவள் அதைத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் போட்டாள். போட்டால் தேய்ந்துவிடும், தேய்ந்தால் விலை குறைந்துவிடும் என்பாள். எவ்வளவு பத்திரமாக வைத்தும், கொண்டுபோன ஒவ்வொரு தடவையும் கடைக்காரன் உரைகல்லில் தேய்த்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, "கீறல் இருக்கு, கழிவு போகும்" என்பான். சுவான் கடைக்குள்ளே வரவே மாட்டாள். வின்னைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வெயிலில் நிற்பாள். நான் வெளியே வந்ததும் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்க மாட்டாள். "ரொம்பக் கழிச்சிட்டானா?" என்று மட்டும் கேட்பாள். கடைசியாக ஆஸ்பத்திரிக்காகப் போன மோதிரம் திரும்பி வருவதற்குள் அவள் போய்விட்டாள். வெறும் விரலோடு அவளை அனுப்பிவைத்தேன், அக்கா. பக்கத்தில் நீதானே நின்றாய்.

இந்தப் பிள்ளைகளின் மோதிரத்தை ஒருத்தன் கல்லில் தேய்த்துக் கழிவு சொல்லக் கூடாது என்றுதான் சீல் உடையாமல் வைக்கச் சொல்கிறேன். இதிலே என்ன குற்றம்? இதை நான் கியெமிடம் சொல்லவில்லை. வெளியாளிடம் சொல்கிற விஷயமா இது? ஆகவே நீ எனக்கு ஒரு தீர்ப்பு எழுதி அனுப்ப வேண்டும். மூத்தவள் சொன்னாள் என்றால் கியெம் கேட்டுக்கொள்வார், பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கிற ஆள். என்னிடம் இரண்டு யோசனைகள் உண்டு. ஒன்று, அன்றைக்கு முலாம் பூசின மோதிரம் ஒன்றை விரலில் போட்டுவிட்டு, சீல் மோதிரத்தைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துவிடலாம். இரண்டு, அட்டையோடு சிவப்பு ரிப்பன் கட்டிக் கழுத்தில் மாட்டிவிடலாம், பதக்கம் மாதிரி இருக்கும். எது நல்லதோ நீ சொல். எதுவானாலும் சீலை உடைக்க மாட்டேன். இது என் கடைசி வார்த்தை. என் வார்த்தையை நான் மாற்றுகிறவன் இல்லை என்பது உனக்கே தெரியும்.

இன்னொரு விஷயம். மருமகள் காதில் தோடு போட்டுவிடுவது மாமியார் செய்ய வேண்டியது. சுவானின் இடத்தில் நின்று நீதான் செய்ய வேண்டும். சேவலை யார் பார்த்துக்கொள்வது என்று அத்தான் கேட்டால், அவரையே பார்த்துக்கொள்ளச் சொல். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கு, உனக்குக் குமட்டும்.

வீட்டுச் சாமிகளும் முன்னோர்களும் உன் பூந்தோட்டத்தை வெள்ளத்திலிருந்தும், அத்தானைப் பந்தயத்திலிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசி, அத்தானுக்கு என் வணக்கம், சேவல்களுக்கு ஒன்றும் இல்லை.

உன் சொல்லைத் தட்டாத தம்பி,
லொக்

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியிருப்பதை எல்லாம் நடந்து முடிந்த கதையாக வாசித்துக்கொள். தீர்ப்பு வேண்டாம். சீலை உடைத்துவிட்டேன்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, தபால்தலை வாங்கப் போக வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். லியென் வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், ஆஸ்பத்திரி வாடை அப்படியே இருந்தது. வின் சந்து முனையில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றான். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் என் கணக்கை மறுபடி தயார் செய்துகொண்டேன். அவள் உட்கார்ந்து, "அத்தை மோதிரத்தை எங்கே வச்சிருந்தாங்க, மாமா?" என்று கேட்டாள்.

அரிசிப் பானையைக் காட்டினேன். எழுந்துபோய் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். அரிசிதான் இருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் வேலையில மோதிரம் போட முடியாது, அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்னு கேட்டீங்கல்ல? அன்னிக்கு எனக்குப் பதில் தெரியல. இப்போ சொல்றேன். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் போட்டுக்குவேன் மாமா. கை கழுவிட்டு, மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கிட்டா வீட்டுக்கு வந்துட்டேன்னு அர்த்தம். அதுக்குத்தான் எனக்கு மோதிரம் வேணும்."

நான் போய்ப் பானையை மூடினேன். "கஷ்டம் வந்தா?" என்று கேட்டேன்.

"வந்தா வித்துடுவோம். நானே கடைக்குள்ள போயி விப்பேன். வெளியே நிக்க மாட்டேன்." வின் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். "கழிவு சொன்னா சொல்லிட்டுப் போறான். அவ்வளவு நாளு நான் போட்டிருந்தேன்னுதானே அர்த்தம்?"

அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன். அவள் நர்ஸ், அவளுக்குத் தெரியாதா? சுவரில் தொங்குகிற என் பழைய சீல் வெட்டுகிற இடுக்கியை எடுத்தேன். அழுத்திய அழுத்தில் பிளாஸ்டிக் படாரென்று உடைந்து, மோதிரம் துள்ளி விழுந்து உருண்டு, வாசல் ஓரத்தில் தரையில் இருக்கிற செல்வச் சாமியின் பீடத்துக்கு அடியில் போய்விட்டது. நானும் அவளும் தரையில் குப்புறப் படுத்து, துணி மாட்டுகிற கம்பியை விட்டு இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வின் ஓடிவந்தான், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு. ஒரு வாரம் பேசாதவன் "அப்பா! அப்பா!" என்று கத்தினான்.

மோதிரம் அவள் விரலில் கிறுகிறுவென்று சுற்றியது. இறால்கார அம்மா சொன்னது சரிதான். லியென் அந்தச் சிவப்பு நூலைக் கேட்டு வாங்கி, மோதிரத்தின் அடிப்பக்கத்தில் நெருக்கமாகச் சுற்றினாள். இப்போது சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கு வின் போட்டுவிடட்டும் என்று கழற்றிக் கொடுத்தாள். சுவானின் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன், அட்டை இல்லாமல். வின்னின் மோதிரம் அவன் விரல் கணுவைத் தாண்டவே இல்லை. நான் வளர்த்த விரல் எனக்குத் தெரியாமல் எப்போது இவ்வளவு பருத்தது! பெரிதாக்கக் கொடுத்திருக்கிறோம். எங்கே என்று கேட்காதே. அந்த மாலில்தான். தேநீர் கொடுத்தார்கள், இந்தத் தடவை இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கினேன்.

கியெம் போன் செய்தார். "அண்ணே, நாளைக்குக் கடைக்கு வாங்க, ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் போங்க. டிவியை நிறுத்தியே வைக்கிறேன்" என்றார். நான் அவர் செருப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே நீ தீர்ப்போடு வர வேண்டாம், சும்மா வா. அந்த உடைந்த அட்டை இரண்டையும் லியென் குப்பையில் போடப்போனாள், நான் விடவில்லை. துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். மோதிரம் இருந்த இடத்தில் இன்னும் வட்டமாகப் பள்ளம் இருக்கிறது. மறுநாள் சோலோன் நகைத் தெருப் பக்கம் போனபோது, வெறும் அட்டைக்கு என்ன கிடைக்கும் என்று கல்லாப் பெண்ணிடம் விசாரித்தேன். ஒன்றும் கிடைக்காதாம். அது போதும் அக்கா, அதை யாரும் விற்க வேண்டி வராது.